ஆய்வாளர் போன பிறகு

பினாங்கில் நான்கு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ தங்கிப் பராமரிக்கப்படும் எந்த வீடும், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் (சட்டம் 506) சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதிவு ஒரே மேசையில் முடிகிற காரியமில்லை. குடியிருப்பு வீட்டைப் பராமரிப்பு இல்லமாகப் பயன்படுத்த மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். தீயணைப்பு மீட்பு இலாகா வந்து வெளியேறும் வழியையும் தீயணைப்புக் கருவிகளையும் பார்க்க வேண்டும். சுகாதார அலுவலகம் சமையலறை, கழிப்பறை, கொசு பெருகும் இடங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிறகு சமூகநல அதிகாரி கட்டில்களையும் பதிவேடுகளையும் பணியாளர் விவரங்களையும் சரிபார்க்கிறார். பதிவு கிடைத்த பின்னும் உள்ளே வந்து சோதிக்க அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஜெலுத்தோங்கின் வரிசை வீட்டிலோ புலாவ் தீக்குஸின் பழைய பங்களாவிலோ இப்படியொரு இல்லம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பத்துப் பதினைந்து பெரியவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் பெருமூளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். இத்தனை அலுவலகங்கள் இத்தனை கேள்விகள் கேட்டும், உள்ளே வாழ்கிற அந்த மனிதர்களிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி என்று ஒன்றுகூட இல்லாமல் ஒரு கோப்பு முழுமை பெற்றுவிட முடியும். இந்த இடத்தில்தான் ஆய்வு முறை பிழைக்கிறது என்பது என் வாதம். ஓர் உரிம ஆய்வின் முதல் சாட்சி இல்லவாசியாக இருக்க வேண்டும். கட்டடமும் காகிதமும் அதற்கு அடுத்த சாட்சிகள்.

கட்டடத்தைச் சோதிப்பது வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது எவ்வளவு அவசியம் என்பதற்குத் தமிழ் நிலமே பெரும் விலை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான காப்பகமொன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு ராமநாதபுரம் பூர்வீகம்; ஏர்வாடி தர்கா இங்கே அறியாத பெயரில்லை. இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தது. சட்டம் இருந்தும், தர்காவைச் சுற்றிப் பல காப்பகங்கள் உரிமமின்றி ஊரறிய நடந்தன. தீ விபத்துக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த எல்லாக் காப்பகங்களும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். வெளியேற ஒரு வழி, எரியாத கூரை, கட்டாத கால்கள். இந்த மூன்றையும் ஓர் ஆய்வாளர் அரை மணி நேரத்தில் பார்த்துவிட முடியும். ஆகவே தீயணைப்பு இலாகாவின் பட்டியலில் ஒரு வரியைக்கூடக் குறைக்கச் சொல்லி நான் வாதிடவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் எல்லாம் சரியாக இருந்த இடத்திலும் மனிதர்கள் வதைபட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகில் இருந்த விண்டர்போர்ன் வியூ ஏழை நாட்டுக் கொட்டகையன்று. 24 படுக்கைகள் கொண்ட, புதிதாகக் கட்டப்பட்ட, கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான தனியார் மருத்துவமனை அது. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு பொதுப்பணம் செலவானது. பதிவு பெற்றது, ஆய்வுக்கு உட்பட்டது. 2011 மே மாத இறுதியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ஒளித்துவைத்த கேமராவில் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியபோது, பணியாளர்கள் இல்லவாசிகளை அடிப்பதையும் தரையில் அழுத்திப் பிடிப்பதையும் உடையோடு குளிர்ந்த நீரில் நிறுத்துவதையும் நாடே பார்த்தது. அங்கே பணியாற்றிய மூத்த செவிலியர் டெர்ரி பிரையன் அதற்கு முன்பே இத்தகைய இடங்களை ஆய்வுசெய்யும் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதியிருந்தார். அவருடைய புகார் அசைக்க வேண்டிய எதையும் அசைக்கவில்லை. 11 பேர் தண்டனை பெற்றார்கள், அவர்களில் ஆறு பேர் சிறை சென்றார்கள். இனி இப்படி நடக்காது என்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே நிகழ்ச்சி டர்ஹாம் பகுதியின் வார்ல்டன் ஹால் என்ற இடத்திலிருந்து அதேபோன்ற காட்சிகளைக் காட்டியது. அதே ஆணையம் 2017இல் அந்த இடத்துக்கு ‘நன்று’ என்று தரம் கொடுத்திருந்தது. 2015இல் ஓர் ஆய்வாளர் கவலை தெரிவித்து எழுதிய அறிக்கை அப்போது வெளியிடப்படவே இல்லை. மலேசியா கனவுகூடக் காண முடியாத அளவுக்குப் பணமும் ஆள்பலமும் உள்ள ஓர் ஆய்வு அமைப்பு இரண்டு முறை ஏமாந்திருக்கிறது. ஆகவே நம்மிடம் இருப்பது ஆள் பற்றாக்குறை மட்டும்தான் என்ற எளிய விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு பராமரிப்பு இல்லத்தில் தீங்கு எந்த வடிவில் இருக்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும். அடிப்பதும் கட்டுவதும் அதன் உச்சம். அன்றாடத் தீங்கு அதைவிட அமைதியானது. மாலை ஐந்தரைக்கே இரவு உணவைக் கொடுத்து ஆறரைக்குக் கட்டிலில் கிடத்திவிடுவது. டயப்பரை ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் மாற்றுவது. மாற்றுத்திறனாளிக்கான ஓகேயூ அட்டையும் வங்கிப் புத்தகமும் அலுவலக அலமாரியில் பூட்டியிருப்பது. மாதாமாதம் வரும் உதவித்தொகை என்ன ஆகிறது என்பது அதற்கு உரியவருக்கே தெரியாமலிருப்பது. குரல் உயர்த்துகிறவருக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்துத் தூங்கவைப்பது. நாற்பது வயதுப் பெண்ணைக் கதவைத் திறந்துவைத்தே குளிப்பாட்டுவது, அவரைப் ‘பாப்பா’ என்றே அழைப்பது. வெளிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைத்தெருவுக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் யாரைக் கேட்கவேண்டும், ‘இல்லை’ என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும். இவற்றில் ஒன்றுகூடப் பதிவேட்டில் இருக்காது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அலுவலக நேரத்தில், இல்லப் பொறுப்பாளர் கூடவே நடந்து ஒவ்வொரு அறையாகக் காட்ட, ஒரு மணி நேரத்தில் முடிகிற வருகை அந்த இல்லத்தின் மிகச் சிறந்த நாளைத்தான் பார்க்கிறது. தலை வாரி, புதுச் சட்டை போட்டு, வரவேற்பறையில் வரிசையாக உட்காரவைக்கப்பட்டவர்களைப் பார்த்துவிட்டு அதிகாரி கையெழுத்திடுகிறார். அவர் போன பிறகு இருக்கிற இருபத்துமூன்று மணி நேரத்தையும் அதற்கடுத்த மாதங்களையும் பற்றி அந்தக் கையெழுத்துக்கு ஒன்றும் தெரியாது.

இல்லவாசியின் சொல்லுக்கு இடம் வேண்டும் என்பது இன்று நேற்று எழுந்த கோரிக்கையன்று. அதன் வரலாறு பினாங்குக்குப் பழக்கமான ஒரு பெயரோடு பிணைந்தது. இங்கே நாம் அறிந்த செஷயர் இல்லம், லெனார்ட் செஷயர் என்ற முன்னாள் போர் விமானி 1948இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற மாளிகையில் தொடங்கிய இயக்கத்தின் வழி வந்தது. அந்த லெ கோர்ட்டிலேயே 1960களில் பால் ஹன்ட் முதலிய இல்லவாசிகள், தாங்கள் எப்போது படுக்கப் போவது என்பதிலிருந்து நிர்வாகத்தில் தங்களுக்கு என்ன குரல் என்பதுவரை கேள்வி எழுப்பினார்கள். வெளியிலிருந்து வந்து பாருங்கள் என்று டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வாளர்களை அழைத்ததும் அவர்கள்தான். எரிக் மில்லர், ஜெரால்டின் குவின் என்ற அந்த ஆய்வாளர்கள் 1972இல் வெளியிட்ட நூல் இல்லவாசிகளுக்குப் பெருத்த ஏமாற்றமானது. இத்தகைய இல்லங்களின் அடிப்படையை மாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு அது போகவில்லை. அவற்றை இன்னும் திறம்பட நடத்துவது எப்படி என்ற எல்லையில் நின்றுவிட்டது. அதே ஆண்டு பால் ஹன்ட் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு சங்கம் பிறந்தது; உலக மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தின் சிந்தனை ஊற்றுகளில் அதுவும் ஒன்று. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். ஆய்வை எதிர்பார்த்து ஏங்கியவர்கள் உள்ளே இருந்தவர்கள். வந்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள், கற்றவர்கள், நேரமும் கொடுத்தார்கள். அப்படியிருந்தும், யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதில் தவறியபோது அவர்களுடைய உழைப்பு உள்ளே இருந்தவர்களுக்குப் பயன்படாமல் போயிற்று.

‘பேச முடியாதவர்களிடம் என்ன கேட்பது? அவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?’ என்ற ஆட்சேபம் உடனே வரும். பேசாதவர் சொல்லாமல் இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட பணியாளர் அறைக்குள் நுழையும்போது உடல் சுருங்குகிறதா, தட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, கை நகங்கள் வெட்டியிருக்கின்றனவா, மணிக்கட்டில் தடம் இருக்கிறதா, சிரிக்கிறாரா, யாரிடம் சிரிக்கிறார் என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்குச் சாட்சியம் நிறையக் கிடைக்கும். படஅட்டைகளைக் காட்டி, பிடித்தது ஒரு பக்கம் பிடிக்காதது ஒரு பக்கம் என்று அடுக்கச் சொல்லிக் கேட்கும் முறைகள் பல நாடுகளில் நன்றாகப் பழக்கத்துக்கு வந்துவிட்டன. வார்ல்டன் ஹாலுக்குப் பிறகு அங்கே எழுந்த பரிந்துரைகளும் இந்தத் திசையில்தான் இருந்தன: சொல்லாமல் வாருங்கள், மாலையிலும் வார இறுதியிலும் வாருங்கள், இல்லவாசிகளோடும் குடும்பத்தோடும் பேசுங்கள். பினாங்குக்கென்று இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவர், தாயும் தந்தையும் இறந்த பிறகு, ஹொக்கியன் பேசும் இல்லத்துக்கு வருகிறார்; அவரைக் குளிப்பாட்டுகிறவர் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர்; சோதிக்க வரும் அதிகாரி மலாயில் கேட்கிறார். அந்த மனிதர் பேசாதவர் என்று கோப்பில் எழுதப்பட்டால், அது அவருடைய குறையா, கேட்டவர்களின் குறையா? சிறு குழந்தைகளின் சாட்சியத்தையே பக்குவமாகக் கேட்டுப் பதிவுசெய்ய நீதிமன்றங்கள் வழி கண்டிருக்கின்றன. ஐம்பது வயது மனிதரிடம் ‘இங்கே உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?’ என்று அவருடைய மொழியில் தனியாகக் கேட்க ஓர் ஏற்பாடு செய்ய முடியாது என்று சொல்வது நியாயமாகாது.

இதற்கெல்லாம் இலாகாவில் ஆள் எங்கே என்று அடுத்துக் கேட்பார்கள். உண்மைதான், ஆள் போதாது. ஆனால் எல்லாவற்றையும் இலாகா அதிகாரியே செய்யவேண்டும் என்று யார் சொன்னது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல்லாண்டுகளாகச் சமூக வருகையாளர்கள் என்றொரு முறை இருக்கிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் சட்டப்படி நியமிக்கப்பட்டு, முன்னறிவிப்பின்றி இல்லங்களுக்குப் போய் இல்லவாசிகளோடு பேசுகிறார்கள். அவர்களுடைய ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் இத்தகைய சேவைகளில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களே ஆய்வாளரோடு போகிறார்கள். மலேசியாவுக்கும் இது அந்நியச் சரக்கன்று. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநல மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியம் அமைக்கச் சொல்கிறது. அதே ஆண்டின் குழந்தைகள் சட்டமும் குழந்தைகள் நிலையங்களுக்கு அப்படியொரு வாரியத்தைச் சொல்கிறது. தனியாரும் தொண்டமைப்புகளும் நடத்தும் இல்லங்களில் வாழும் பெரியவர்களுக்கு மட்டும் அப்படியொரு வருகையாளர் ஏன் கூடாது? பினாங்கில், 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர் இங்கே இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லத்தின் வழிவந்த பார்வையற்றோர் முதல், பலவகை மாற்றுத்திறனாளிகளோடு பணியாற்றும் அமைப்புகள்வரை அனுபவம் நிறைய இருக்கிறது. அவர்களிலிருந்து, மொழிக்கு ஒருவராக, தீவுக்கும் செபராங் பிறைக்கும் குழுக்கள் அமைப்பது பெரிய செலவில்லை. தொண்டு செய்பவர்களைச் சந்தேகிப்பதா என்று சில இல்ல நிர்வாகிகள் வருந்துவார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். சம்பளம் குறைவு, இரவு நீளம், நன்றி சொல்ல ஆளில்லை. ஆனால் நல்ல இல்லத்துக்கு வெளியாளின் கண் பாதுகாப்பு. பொய்ப் புகார் எழும்போது அவர்களுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

கடினமான ஆட்சேபம் இன்னொன்று. சோதனையை இறுக்கினால் இல்லங்கள் மூடப்படும். மூடினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? ஏர்வாடியில் ஒரே வாரத்தில் மூடியதும், அந்த 500 பேரில் பலரை அழைத்துப்போகக் குடும்பம் இல்லை என்பதே அடுத்த துயரமாயிற்று. மகனைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாத எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு, பதிவில்லாத இல்லம்கூட ஒரு கதிமோட்சம்தான். இல்லம் நடத்துபவருக்கும் இடர் உண்டு. குடியிருப்பு வீட்டை இல்லமாக மாற்ற நில அனுமதி, தீத்தடுப்பு வேலைகள் என்று சேரும் செலவைக் கண்டு, பதிவே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒதுங்கியவுடன் அந்த வீடு எல்லோர் கண்ணிலிருந்தும் மறைந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் மனிதர்கள் மறைந்து வாழ முடியுமா என்று ஐயப்படுபவர்கள் 2024 செப்டம்பர் 11ஐ நினைத்துப் பார்க்கலாம். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களிலிருந்து 402 சிறார்களைப் போலீசார் மீட்டதாக அறிவித்த பிறகுதான் நாடு விழித்தது. ஆகவே இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாகவே ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து வேறு முடிவுக்கு வருகிறேன். பதிவையும் வருகையையும் பிரித்துவிட வேண்டும். பதிவில்லாத இல்லம் தானே முன்வந்தால் முதலில் தண்டனை வேண்டாம். தீப்பாதுகாப்பை உடனே சரிசெய்ய மாநில அரசு கைகொடுக்கட்டும், நில அனுமதி முதலியவற்றுக்குத் தவணை இருக்கட்டும். ஆனால் வருகையாளர் முதல் வாரத்திலிருந்தே வருவார், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூடுவது கடைசி வழி; அப்படி மூடும்போது ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்பது அவரைக் கேட்டு முடிவான பிறகே பூட்டு விழவேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் இயக்கத்துக்குள்ளிருந்தே வேறொரு குரல் வரும். இல்லங்களைச் செம்மைப்படுத்துவது இல்லங்களை நிலைநிறுத்துவதே. ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்வதுபோல் ஒவ்வொருவரும் ஊருக்குள், தாம் தேர்ந்த வீட்டில் வாழவேண்டும் என்பார்கள். கொள்கையில் அவர்கள் சொல்வது சரி. ஆஸ்திரேலியாவில் 2023 செப்டம்பரில் 222 பரிந்துரைகளோடு நிறைவடைந்த, மாற்றுத்திறனாளிகள் குறித்த அரச ஆணையத்தில்கூடக் குழு இல்லங்களை முற்றாகக் கைவிடுவது பற்றி ஆணையர்களுக்குள் கருத்து பிரிந்தது. அந்த விவாதம் முடியும்வரை இன்று இரவு அங்கே உறங்கப்போகிறவரைக் காக்கவைக்க முடியாது. இல்லவாசியிடம் தனியாகப் பேசும் வருகையாளரிடம்தான் ‘எனக்கு வெளியே போய் வாழவேண்டும்’ என்ற சொல்லும் முதலில் வந்து சேரும். அதே உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையங்கள் அனைத்தையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. மலேசியா 2010இல் அந்த உடன்படிக்கையை ஏற்றபோது, சித்திரவதையிலிருந்தும் இழிவான நடத்தையிலிருந்தும் காக்கும் 15ஆம் பிரிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு வைத்துக்கொண்டது. 16ஆம் பிரிவுக்கு விலக்கு கேட்கவில்லை. அப்படியென்றால் அந்தக் கடமை இந்த நாட்டின்மேல் இருக்கிறது. தொண்டமைப்புகளுக்கு மானியம் கொடுப்பதும், பதிவு கொடுப்பதும், சோதிப்பதும் ஒரே இலாகாவாக இருக்கும்வரை அதைச் சுதந்திரமான கண்காணிப்பு என்று சொல்ல முடியாது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் (சட்டம் 685) மீறுவோருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை.

கோலாலம்பூர் செய்யட்டும் என்று பினாங்கு காத்திருக்கத் தேவையில்லை. கூட்டரசு அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சமூகநலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலத்துக்கும் அதில் கை உண்டு. நில அனுமதியும் கட்டட அனுமதியும் மாநகர் மன்றக் கோப்புகளில் இருக்கின்றன. தகவல் சுதந்திரச் சட்டத்தை 2010இல் நிறைவேற்றி 2015இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. எந்த இல்லம் பதிவு பெற்றது, கடைசியாக யார் எப்போது போய்ப் பார்த்தார்கள், இல்லவாசிகள் என்ன சொன்னார்கள் என்பதைத் தனிமனிதர் பெயர் வராமல் வெளியிட மாநில அரசு ஏற்பாடு செய்யவேண்டும். தனக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டு ஒரு வருகையாளர் குழுவை இந்தச் சட்டமன்றத் தவணைக்குள்ளேயே அமைக்கவேண்டும். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லங்களில் மதிய உணவு கொடுப்பது நம்மிடையே நெடுநாள் பழக்கம்; தீபாவளிக்கு முன் அரிசி மூட்டையோடு போகாத சங்கம் குறைவு. அடுத்த முறை போகும்போது பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், தமிழ் பேசும் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருங்கள். பிறகு விழா எதுவும் இல்லாத ஒரு மாலையில், முன்கூட்டிச் சொல்லாமல், மறுபடியும் போய் அவரைப் பாருங்கள்.